ஃபென்-ஃபென்: சில வார மாத்திரை மாதக்கணக்கில் ஓடியபோது

1997 ஜூலை 8 அன்று அமெரிக்காவின் மயோ கிளினிக் 24 பெண்களின் நோய் விவரத்தை வெளியே சொன்னது. எல்லோரும் எடை குறைப்பதற்காக ஃபென்டெர்மின், ஃபென்ஃபுளுரமின் என்ற இரண்டு மருந்துகளைச் சேர்த்து எடுத்தவர்கள். அந்தக் கூட்டுக்குத்தான் ஃபென்-ஃபென் என்று பெயர். சராசரி வயது 44. மூச்சுத் திணறல் போன்ற தொந்தரவோடு வந்தவர்கள் இருந்தார்கள்; பரிசோதனையில் இதயத்தில் முணுமுணுப்புச் சத்தம் கேட்டதால் அனுப்பப்பட்டவர்களும் இருந்தார்கள். எக்கோ, அதாவது ஒலி அலையால் இதயத்தைப் படம் பிடிக்கும் சோதனை, எடுத்துப் பார்த்தால் வால்வுகள் சரியாக மூடவில்லை, ரத்தம் பின்னோக்கிக் கசிகிறது. மருந்தைத் தொடங்கிச் சராசரியாக ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. எட்டுப் பேருக்கு நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தமும் ஏறியிருந்தது. அந்த விவரம் ஆகஸ்ட் இறுதியில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் அச்சில் வந்த நேரத்தில் ஐந்து பேருக்கு இதய அறுவை சிகிச்சை முடிந்திருந்தது.

ஜூலை அறிவிப்பிலிருந்து பத்து வாரத்தில், செப்டம்பர் 15 அன்று, ஃபென்ஃபுளுரமினும் அதன் நெருங்கிய உறவான டெக்ஸ்ஃபென்ஃபுளுரமினும் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. ஃபென்டெர்மின் மட்டும் கடையில் நின்றது. இன்றும் அமெரிக்காவில் எடை குறைப்புக்கு அதிகம் எழுதப்படும் மருந்துகளில் அது ஒன்று.

இதை "ஒரு கெட்ட மருந்து வந்தது, பிடிபட்டது, போனது" என்று சொல்லி முடித்துவிடுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இந்த நிகழ்வின் மையத்தில் இருப்பது கால அளவு. சில வாரங்களுக்கென்று அனுமதி பெற்ற மருந்துகள் மாதக்கணக்கில் கொடுக்கப்பட்டன; அவ்வளவு காலம் எடுத்தால் உடம்பின் எந்தப் பாகம் என்ன ஆகும் என்று பார்ப்பதற்கான ஏற்பாடு எங்குமே இல்லை.

இரண்டு மருந்துகள், ஒரே சீட்டு

ஃபென்டெர்மினுக்கு எஃப்.டி.ஏ. என்ற அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1959-இல் அனுமதி கொடுத்தது. ஆம்ஃபெடமின் குடும்பத்தைச் சேர்ந்த ஊக்கி இது. மூளையில் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருளை அதிகம் சுரக்க வைக்கிறது, அதனால் பசி அடங்குகிறது. அதே வேலையின் மறுபக்கமாகத் தூக்கம் கெடுகிறது, வாய் வறள்கிறது, நெஞ்சு படபடக்கிறது, ரத்த அழுத்தம் ஏறலாம். பழக்கமாகிவிடும் வாய்ப்பு ஓரளவு உண்டு என்பதால் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளின் நான்காம் பட்டியலில் இருக்கிறது.

1973-இல் அனுமதி பெற்ற ஃபென்ஃபுளுரமின் வேதியியல் அமைப்பில் அதே குடும்பம்தான், குணம் வேறு. அது செரடோனின் என்ற வேறொரு வேதிப்பொருள் வழியாக வேலை செய்கிறது. வயிறு நிறைந்த உணர்வைத் தருகிறது, கூடவே மந்தத்தையும் வயிற்றுப்போக்கையும் தருகிறது. தனியாக எடுத்தவர்கள் பலர் இந்தத் தொந்தரவு தாங்காமல் விட்டுவிட்டார்கள்.

இரண்டையும் குறைந்த அளவில் சேர்த்தால் என்ன என்று யோசித்தவர் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் வெய்ன்ட்ரப். ஒன்று தூக்கத்தைக் கெடுக்கிறது, மற்றது தூங்க வைக்கிறது. பசியை இரண்டுமே அடக்குகின்றன. பக்கவிளைவுகள் ஒன்றையொன்று சமன் செய்யும், பலன் கூடும் என்பது கணக்கு. மருந்தியல் ரீதியாகப் பார்த்தால் நியாயமான யோசனை. அன்றைக்குத் தெரிந்த பக்கவிளைவுகளைப் பொறுத்தவரை அது பலித்தது.

இரண்டு மருந்துகளுக்கும் தனித்தனியே அனுமதி இருந்தது. இரண்டும் சேர்ந்த கூட்டுக்கு எவரும் அனுமதி கேட்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. அனுமதி பெற்ற மருந்தை மருத்துவர் தன் பொறுப்பில் வேறு விதமாக எழுதித் தரலாம் என்ற சட்ட இடம் இருந்தது. ஃபென்-ஃபென் முழுக்க அந்த இடத்தில்தான் வளர்ந்தது.

"சில வாரங்கள்" எங்கிருந்து வந்தது

இந்த வகைப் பசியடக்கிகளின் விவரக்குறிப்பில், குறுகிய காலத்துக்கு, அதாவது சில வாரங்களுக்கு, உணவுக் கட்டுப்பாட்டோடும் உடற்பயிற்சியோடும் சேர்த்து எடுக்க வேண்டும் என்றிருக்கும். ஃபென்டெர்மினுக்கு இன்றும் அதே வாசகம்தான். உடல் நிறை எண் 30-க்கு மேல் இருக்க வேண்டும்; ரத்த அழுத்தம், சர்க்கரை போன்ற சிக்கல் கூடவே இருந்தால் 27 போதும். போலி மாத்திரை (ஒப்பிடுவதற்காகக் கொடுக்கும், மருந்தில்லாத மாத்திரை) எடுத்தவர்களைவிட வாரத்துக்கு ஒரு பவுண்டில் ஒரு பகுதிதான் கூடுதலாகக் குறைந்தது என்பதையும் அந்தக் குறிப்பு மறைக்காமல் சொல்கிறது.

அந்தச் "சில வாரங்கள்" பாதுகாப்புக்காக அளந்து போட்ட கோடு கிடையாது. அன்றைய ஆய்வுகள் அவ்வளவு காலம்தான் நடந்தன. பழக்கமாகிவிடும் என்ற அச்சம் இருந்தது. உடம்பு மருந்துக்குப் பழகிப் பலன் தேய்வதும் தெரிந்திருந்தது. அதற்கு மேல் தெரியாது என்பதால் அங்கே நிறுத்தினார்கள். நீண்ட ஆய்வு அறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1968-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் 108 பெண்களை வைத்து 36 வார ஆய்வு ஒன்று வெளிவந்தது. ஃபென்டெர்மினை விடாமல் எடுத்தவர்களுக்குச் சுமார் 12 கிலோ, விட்டு விட்டு எடுத்தவர்களுக்கு 13 கிலோ, போலி மாத்திரைக்காரர்களுக்கு ஐந்து கிலோவுக்குச் சற்றுக் குறைவு. இடைவெளி விட்டாலும் பலன் குறையவில்லை என்பது நல்ல செய்தி. ஆனால் கடைசி வரை இருந்தவர்கள் 64 பேர்தான்.

இந்த இடத்தில் மருத்துவர்களை எளிதாகக் குறை சொல்லிவிடக் கூடாது. உடல் பருமன் மூன்று மாதத்தில் தீர்ந்துபோகும் நோய் கிடையாது. மருந்தை நிறுத்தினால் பசி திரும்புகிறது, எடையும் திரும்புகிறது. எட்டுக் கிலோ குறைத்து, முட்டி வலி தணிந்து, முதல் முறையாக நம்பிக்கையோடு எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம், "காலம் முடிந்தது, இனி மாத்திரை இல்லை" என்று சொல்வது எந்த மருத்துவருக்கும் கஷ்டம். ரத்த அழுத்த மாத்திரையை யாரும் பன்னிரண்டு வாரத்தில் நிறுத்தச் சொல்வதில்லையே, இதை மட்டும் ஏன் நிறுத்த வேண்டும் என்ற கேள்வி நேர்மையான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல நீண்ட கால ஆய்வு வேண்டும். அந்த ஆய்வு வருவதற்குள் மருந்துச் சீட்டு முந்திக்கொண்டது.

121 பேர்

வெய்ன்ட்ரப்பின் ஆய்வு 1992-இல் வெளிவந்தது. 121 பேர், கிட்டத்தட்ட நான்கு வருடம். முதல் 34 வாரத்தில் கூட்டு மருந்து எடுத்தவர்கள் சராசரியாக 14.2 கிலோ குறைந்தார்கள், போலி மாத்திரை எடுத்தவர்கள் 4.6 கிலோ. எடை குறைப்புத் துறையில் அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட எண்ணைப் பார்ப்பது அபூர்வம். செய்தி பத்திரிகைகளுக்குப் போனது, எடை குறைப்பு மையங்கள் முளைத்தன. 1996-இல் மட்டும் இந்த இரண்டு மருந்துகளுக்கும் சேர்த்து அமெரிக்காவில் 1.8 கோடிக்கும் அதிகமான சீட்டுகள் எழுதப்பட்டன.

மருந்து ஆய்வுகளைப் படிப்பவர்கள் கையில் வைத்திருக்கும் ஒரு சின்னக் கணக்கு உண்டு. ஓர் ஆய்வில் ஒருவருக்குக்கூட ஒரு பக்கவிளைவு வரவில்லை என்றால், அது அறவே வராது என்று பொருள் கொள்ளக் கூடாது. மூன்றை ஆய்வில் இருந்தவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவதுதான் தோராயமான மேல் எல்லை. 121 பேருக்கு அது 2.5 சதவீதம். நூற்றில் இரண்டு பேருக்குத் தீவிரமாக வரக்கூடிய ஒரு நோய்கூட அந்த ஆய்வில் தலைகாட்டாமல் போயிருக்கலாம். அதுவும் தேடிப் பார்த்திருந்தால்தான் இந்தக் கணக்கே பொருந்தும். வால்வைத் தேடும் நோக்கம் அந்த ஆய்வில் இல்லை. வெறும் ஸ்டெதாஸ்கோப்பில் பிடிபடாத கசிவு எடைத் தராசில் பிடிபடாது.

ஆய்வாளர் தவறாக எதையும் எழுதவில்லை. அவர் கேட்ட கேள்வி எடை குறையுமா என்பது, பதில் கிடைத்தது. 121 பேரிடம் கிடைத்த அந்தப் பதிலை லட்சக்கணக்கானவர்களுக்கு நீட்டியபோதுதான் தவறு நடந்தது.

நுரையீரலிலிருந்து வந்த முன் எச்சரிக்கை

வால்வுப் பிரச்சினை திடீரென்று வந்தது என்று வைத்துக்கொண்டாலும், நுரையீரல் பிரச்சினை அப்படி வரவில்லை. 1960-களின் இறுதியில் சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, ஆஸ்திரியாவில் அமினோரெக்ஸ் என்ற பசியடக்கி விற்ற காலத்தில், நுரையீரல் ரத்தக்குழாய் உயர் அழுத்தம் வழக்கத்தைவிடப் பல மடங்கு கூடியது. இது ஆபத்தான நோய். நுரையீரலின் சின்னச் சின்னத் தமனிகள் சுருங்கித் தடித்துப்போகும், வலது பக்க இதயம் தள்ளித் தள்ளி ஓய்ந்துவிடும். அமினோரெக்ஸ் திரும்பப் பெறப்பட்டது. 1981-இல் ஃபென்ஃபுளுரமின் எடுத்த இருவருக்கு அதே நோய் என்று பிரிட்டனிலிருந்து குறிப்பு வந்தது. 1993-இல் பிரான்ஸிலிருந்து 15 பேர்.

அப்புறம் பன்னாட்டு ஆய்வு ஒன்று நடந்தது. நோய் வந்த 95 பேரையும் வராத 355 பேரையும் ஒப்பிட்டார்கள். பசியடக்கி எடுத்தவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 6 மடங்கு. மூன்று மாதத்துக்கு மேல் எடுத்தவர்களுக்கு 23 மடங்கு. கால அளவுதான் ஆபத்தைக் கூட்டுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

இந்த ஆய்வின் முடிவுகள் எஃப்.டி.ஏ. கையில் இருந்தபோதுதான் டெக்ஸ்ஃபென்ஃபுளுரமின் விவாதத்துக்கு வந்தது. ஆலோசனைக் குழு 1995 செப்டம்பரில் முதலில் எதிராக வாக்களித்தது. நவம்பரில் மறுபடி கூடி 6-க்கு 5 என்ற கணக்கில் ஆதரித்தது. 1996 ஏப்ரலில் ரிடக்ஸ் என்ற பெயரில் அனுமதி கிடைத்தது. நான்கு மாதம் கழித்து அந்தப் பன்னாட்டு ஆய்வு அச்சில் வந்தபோது, கூடவே வந்த தலையங்கம் பருமனால் வரும் சாவைக் கணக்கில் எடுத்தால் மருந்தின் பயனே பெரிது என்று வாதிட்டது. அதை எழுதிய இருவரும் அந்த மருந்து சார்ந்த நிறுவனங்களுக்கு ஆலோசகர்களாக இருந்தது பிறகுதான் வெளியே தெரிந்தது. அந்த வாதம் முழுத் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். மிகவும் பருமனானவர்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தக்கூடும். ஆனால் திருமணத்துக்கு முன் ஐந்து கிலோ குறைக்க வந்தவருக்கும் அதே சீட்டு எழுதப்பட்டபோது கணக்கின் அடிப்படையே போய்விட்டது.

எக்கோ அறையில் கண்டது

வால்வுக் கசிவை முதலில் கவனித்தது வடக்கு டகோட்டா மாநிலத்தின் ஃபார்கோ நகரில் எக்கோ எடுக்கும் ஒரு தொழில்நுட்பர். நடுத்தர வயதுப் பெண்கள், முன்பு இதய நோய் இல்லை, ஆனால் திரையில் கெட்டுப்போன வால்வு. ஒருவருக்கு அடுத்து ஒருவர் இப்படி வந்தபோது, இவர்களுக்குள் பொதுவாக என்ன இருக்கிறது என்று கேட்டு, ஒவ்வொருவரும் என்ன மருந்து எடுக்கிறார்கள் என்பதைக் குறித்து வைத்தார். அங்கிருந்த இதய மருத்துவரும் மயோ கிளினிக்கும் சேர்ந்தபோது அந்தக் குறிப்பு 24 பேரின் அறிக்கையாக வளர்ந்தது. பெரிய தரவுத்தளம் எதுவும் இதைப் பிடிக்கவில்லை. கண் முன்னால் இருந்த படத்தை ஏற்றுக்கொள்ள மறுத்த ஒருவர் பிடித்தார். இந்த நிகழ்வில் எனக்கு அதிக மரியாதை அவர் மேல்தான்.

அறுவை சிகிச்சையில் எடுக்கப்பட்ட வால்வுகள் இன்னொரு துப்பைக் கொடுத்தன. வால்வின் இதழ்களுக்குள்ளே அமைப்பு கலையாமல் இருந்தது. மேலே மட்டும் மெழுகு ஊற்றி உறைந்தது போல வெண்மையான, பளபளப்பான படலம், இதழ்களைப் பிடித்திருக்கும் நாண்களையும் சேர்த்து மூடியிருந்தது. நோயியல் படித்தவர்களுக்கு இது பழக்கமான காட்சி. செரடோனினைக் கொட்டும் கார்சினாய்டு கட்டி உள்ளவர்களிடமும், ஒற்றைத் தலைவலிக்கு எர்கோடமின் அதிகம் எடுத்தவர்களிடமும் இதே படலம்தான். கார்சினாய்டில் பெரும்பாலும் வலது பக்க வால்வுகள்தான் கெடும், ஏனென்றால் நுரையீரல் செரடோனினைச் சிதைத்துவிடும். இங்கே இடது பக்கமும் கெட்டிருந்தது.

மயோ அறிக்கைக்குப் பிறகு ஐந்து இடங்களிலிருந்து 291 பேரின் எக்கோ விவரம் எஃப்.டி.ஏ.வுக்கு வந்தது. தொந்தரவு எதுவும் சொல்லாதவர்கள். அவர்களில் சுமார் 30 சதவீதம் பேரின் வால்வு இயல்பாக இல்லை. மருந்தை நிறுத்தியது இந்த எண்தான்.

ஃபென்டெர்மின் தப்பியது சரியா

இந்தக் கேள்வி என்னை அதிகம் பிடித்து வைத்தது. 24 பேருமே இரண்டு மருந்தும் எடுத்தவர்கள். ஒன்றை மட்டும் வெளியே அனுப்பிவிட்டு மற்றதை வைத்துக்கொண்டது எந்த அடிப்படையில்?

1998-இல் பிரிட்டிஷ் குடும்ப மருத்துவர்களின் பதிவேடுகளிலிருந்து ஒரு பதில் வந்தது. அங்கே இந்த மருந்துகளைப் பெரும்பாலும் தனித்தனியாக எழுதியிருந்ததால் ஒப்பிட முடிந்தது. டெக்ஸ்ஃபென்ஃபுளுரமின் 6,532 பேர், ஃபென்ஃபுளுரமின் 2,371 பேர், ஃபென்டெர்மின் 862 பேர். புதிதாக வால்வு நோய் கண்டவர்கள் 11 பேர், எல்லோருமே முதல் இரண்டு மருந்துகளை எடுத்தவர்கள். நான்கு மாதத்துக்குக் குறைவாக எடுத்தவர்களில் பத்தாயிரத்துக்கு 7 பேர், நான்கு மாதமோ அதற்கு மேலோ எடுத்தவர்களில் பத்தாயிரத்துக்கு 35 பேர். இங்கேயும் கால அளவு.

ஃபென்டெர்மினுக்கு பூஜ்யம் என்று மகிழ்வதற்கு முன் அந்தச் சின்னக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மூன்றை 862-ஆல் வகுத்தால் பத்தாயிரத்துக்குச் சுமார் 35 வருகிறது. அதாவது, மற்ற இரண்டு மருந்துகளை நீண்ட காலம் எடுத்தவர்களிடம் கண்ட அதே அளவு ஆபத்து ஃபென்டெர்மினுக்கு இருந்திருந்தாலும் இந்த 862 பேரில் தெரியாமல் போயிருக்க முடியும். அந்தப் பூஜ்யத்தை மட்டும் வைத்து விடுதலை கொடுக்க முடியாது.

விடுதலை வேறு பக்கத்திலிருந்து வந்தது. டெக்ஸ்ஃபென்ஃபுளுரமினைத் தனியாக எடுத்தவர்களுக்கே வால்வு கெட்டது என்பதால் ஃபென்டெர்மின் இல்லாமலும் நோய் வரும் என்று உறுதியானது. 2000-இல் ஏற்பிகளை, அதாவது செல்களில் வேதிப்பொருள்கள் வந்து ஒட்டும் இடங்களை, ஆராய்ந்தவர்கள் காரணத்தையே பிடித்தார்கள். ஃபென்ஃபுளுரமின் உடலில் உடைந்து நார்ஃபென்ஃபுளுரமின் ஆகிறது. அது வால்வின் செல்களில் இருக்கும் 5-எச்.டி. 2பி என்ற செரடோனின் ஏற்பியைத் தூண்டுகிறது. செல்கள் பெருகிப் படலம் கட்டுகின்றன. ஃபென்டெர்மின் அந்த ஏற்பியை அப்படித் தூண்டுவதில்லை. பிற்பாடு பார்கின்சன் நோய்க்கான பெர்கோலைடும் இதே ஏற்பி வழியாக வால்வைக் கெடுப்பது தெரிந்து, 2007-இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது.

இடையில் ஒரு குழப்பத்தையும் தீர்க்க வேண்டும். அதே 1998-இல் இன்னோர் ஆய்வு, மருந்து எடுத்தவர்களில் 22.7 சதவீதத்துக்கும் எடுக்காதவர்களில் 1.3 சதவீதத்துக்கும் கசிவு என்றது. நூற்றுக்கு 23 எங்கே, பத்தாயிரத்துக்கு 35 எங்கே? எக்கோவில் தேடினால் தெரியும் கசிவு வேறு, தொந்தரவு வந்து மருத்துவர் பெயர் வைக்கும் நோய் வேறு. இரண்டுமே உண்மை. லேசான கசிவு இருந்த பலருக்கு மருந்தை நிறுத்திய பிறகு அது கூடாமல் நின்றது, சிலருக்குக் குறைந்தது. சிலருக்கு அறுவை சிகிச்சை வரை போனது.

பிரான்ஸில் இன்னும் பன்னிரண்டு வருடம்

நார்ஃபென்ஃபுளுரமின்தான் காரணம் என்பதற்குத் துயரமான சான்று பிரான்ஸில் கிடைத்தது. செர்வியே நிறுவனம் மீடியேட்டர் என்ற பெயரில் பென்ஃபுளுரெக்ஸை 1976 முதல் விற்றது. காகிதத்தில் அது சர்க்கரை நோயாளிகளுக்கானது. நடைமுறையில் எடை குறைக்கவும் எழுதப்பட்டது. உடலில் அதுவும் நார்ஃபென்ஃபுளுரமினாக உடைகிறது. 1997-இல் ஃபென்ஃபுளுரமின் போன பிறகும் இது 2009 நவம்பர் வரை விற்பனையில் இருந்தது. பிரெஸ்ட் நகரின் நுரையீரல் மருத்துவர் இரேன் ஃப்ராஷோன் தன் நோயாளிகளின் கோப்புகளைத் தோண்டி, விடாமல் போராடியதால்தான் நின்றது. 2021 மார்ச்சில் பாரிஸ் நீதிமன்றம் நிறுவனத்தை ஏமாற்று, கவனமின்மையால் மரணம் விளைவித்தல் ஆகிய குற்றங்களில் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. வேறு பெயர், வேறு நோய்க்கான மருந்து என்று அட்டையில் இருந்தால், உள்ளே அதே வேதிப்பொருள் இருப்பதை ஒரு நாட்டின் கண்காணிப்பு அமைப்பே தவறவிட முடிகிறது.

அமெரிக்காவில் வழக்குகளுக்காக, ஃபென்ஃபுளுரமினை விற்ற அமெரிக்கன் ஹோம் ப்ராடக்ட்ஸ் நிறுவனம், பின்னாளில் வயெத், மொத்தம் 2,100 கோடி டாலருக்கும் மேல் ஒதுக்கி வைக்க வேண்டியிருந்தது.

இன்று இரண்டு மருந்துகளும்

ஃபென்ஃபுளுரமின் 2020 ஜூனில் திரும்பி வந்தது, எடைக்காக அல்ல. டிராவே நோய்க்குறி என்ற கடுமையான குழந்தைப் பருவ வலிப்புக்கு, குறைந்த அளவில். தொடங்கும் முன் எக்கோ, எடுக்கும் காலத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எக்கோ, நிறுத்திய பிறகும் ஒருமுறை எக்கோ என்று கட்டாய விதிகளோடு அனுமதித்தார்கள். அதே மூலக்கூறுதான், இந்த முறை எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்து பார்க்கிறார்கள்.

ஃபென்டெர்மின் தனியாக இன்றும் "சில வாரங்கள்" என்ற குறிப்போடுதான் விற்கிறது. டோபிரமேட் என்ற வலிப்பு மருந்தோடு சேர்த்த அதன் கூட்டு மருந்தை 2012-இல் எஃப்.டி.ஏ. நீண்ட காலப் பயன்பாட்டுக்கு அனுமதித்தது. அதே வருடம் ஐரோப்பிய மருந்து அமைப்பு இதயத்தின் மீதான நீண்ட கால விளைவைக் காரணம் காட்டி மறுத்தது. 2019-இல் அமெரிக்க மருத்துவப் பதிவுகளில் சுமார் 14,000 பேரைப் பார்த்த ஆய்வு ஒன்று, ஒரு வருடத்துக்கு மேல் ஃபென்டெர்மின் எடுத்தவர்களுக்கு எடை அதிகம் குறைந்தது, மாரடைப்பும் மரணமும் கூடவில்லை என்றது. நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் அவர்கள் பெரும்பாலும் இதய ஆபத்து குறைவாக இருந்தவர்கள், யாருக்குத் தொடர்ந்து கொடுப்பது என்பதை மருத்துவர்களே தேர்ந்தெடுத்தார்கள். படபடப்பு வந்தவர்கள் முன்பே நின்றிருப்பார்கள்.

அதனால் ஃபென்டெர்மின் எழுதித் தரப்பட்டவர் மருத்துவரிடம் முதல் நாளே சில விஷயங்களைக் கேட்டு வாங்குவது நல்லது. எவ்வளவு காலம், எப்போது நிறுத்துவது, ரத்த அழுத்தத்தையும் நாடித் துடிப்பையும் எத்தனை வாரத்துக்கு ஒருமுறை பார்ப்பது. இதய நோய், தைராய்டு அதிகச் சுரப்பு, கண் அழுத்த நோய், கர்ப்பம், பாலூட்டுதல், போதைப் பழக்க வரலாறு, கடந்த இரண்டு வாரத்தில் எம்.ஏ.ஓ. தடுப்பான் வகை மனச்சோர்வு மாத்திரை, இவற்றில் எது இருந்தாலும் இது எடுக்கவே கூடாது. இன்னொரு எடை குறைப்பு மருந்தோடு தன்னிச்சையாகச் சேர்க்கவும் கூடாது. இணையத்தில் வாங்கும் மூலிகைப் பெயர் போட்ட பொடிகளுக்கும் இது பொருந்தும். முன்பு எளிதாக ஏறிய படியில் மூச்சு வாங்கினாலோ, கால் வீங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். 1997-க்கு முன் ஃபென்-ஃபென் எடுத்து, இதுவரை எக்கோ எடுக்காதவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். புதிதாக ஒரு மருத்துவரைப் பார்க்கும்போது அந்தப் பழைய மாத்திரையின் பெயரையும் சொல்லுங்கள்.